டிப்ரஷன் மாத்திரை வேலை செய்கிறதா, நிறுத்திவிடலாமா?

கேள்வி, 3 நவம்பர் 2024, மாலை 6.15

வயது 31. தீவிர மன அழுத்தம் என்று டாக்டர் எஸ்சிடலோபிராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். இன்று நான்காவது நாள். குமட்டல், வயிறு சரியில்லை, கொட்டாவி நிற்கவே மாட்டேன் என்கிறது. மனசில் ஒரு மாற்றமும் இல்லை. யூடியூபில் ஒருவர் இதெல்லாம் சர்க்கரை உருண்டைக்குச் சமம், ஆனால் ஆயுளுக்கும் அடிமையாக்கிவிடும் என்கிறார். நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். சாப்பிட்டவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

3 நவம்பர் 2024, இரவு 10.40

தம்பி, நான்காம் நாளில் நிறுத்தாதீர்கள். நாளைக் காலை டாக்டருக்குப் போன் செய்து குமட்டலைச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா, 5 மி.கி.யில் தொடங்கி ஏற்றலாமா என்று கேளுங்கள். எனக்குக் குமட்டல் ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் இட்லி இறங்கியது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். மனசில் மாற்றம் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதாவது தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் 2015 ஐப்பசியில் தொடங்கினேன், இப்போது 5 மி.கி.யில் இருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அந்த வருடம் ஒரு காலையில் வாசல் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். குடம் நிரம்பி, தண்ணீர் வழிந்து, என் காலை நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டது. குழாயைத் திருக வேண்டும் என்று தெரிகிறது, கை எழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து மூடினார். அழுகையோ துக்கமோ அப்போது இல்லை. கையை எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாத்திரை தொடங்கி முதல் வாரத்திலேயே தூக்கம் வந்துவிட்டது, படபடப்பு அடங்கியது. அப்புறம் ஐந்தாம் வாரம், ஒரு லோடு வந்தது. எடைமேடைச் சீட்டில் இருந்த கணக்குக்கு இரண்டு மூட்டை குறைகிறது. எனக்குக் கோபம் வந்தது. டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது, நான் ஒரு விஷயத்துக்காகக் கோபப்பட்டு ஆறு மாதமாகிறது என்று. மாத்திரை எனக்குச் சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தைத்தான் முதலில் திருப்பிக் கொடுத்தது.

4 நவம்பர் 2024, காலை 6.20

ராத்திரி எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். “நிறுத்தாதீர்கள்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டேன். அது குமட்டலுக்கும் கொட்டாவிக்கும் பொருந்தும். உடம்பில் தடிப்பு எழும்பினால், இருந்த இடத்தில் இருக்க முடியாத அளவுக்குப் பரபரப்பு வந்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறுவர்களுக்கு இது குறித்துக் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போடச் சொன்னது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. சிறுவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, தற்கொலை எண்ணமோ செயலோ வெற்று மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) சாப்பிட்டவர்களில் 100க்கு 2 பேரிடமும், மருந்து சாப்பிட்டவர்களில் 4 பேரிடமும் இருந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் சாகவில்லை. உங்கள் வயது அந்த வரம்பைத் தாண்டியதுதான். ஆனாலும் முதல் சில வாரம் கண் விழிப்பாக இருக்க வேண்டிய காலம்.

இன்னொன்று. தூக்கமே தேவைப்படாமல் திடீரென்று உற்சாகம் பொங்கி, கடன் வாங்கிச் செலவு செய்யத் தோன்றினால் அதைக் குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ராத்திரி நேரத்தில் எண்ணம் முற்றினால் 14416க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசுவார்கள்.

6 நவம்பர் 2024

சர்க்கரை உருண்டை விவகாரத்துக்கு வருகிறேன். அந்த யூடியூப்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவர் பேச்சு ஆபத்தானது.

2008இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று எரிக் டர்னர் குழுவினுடையது. 12 மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பதிவான 74 சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். அந்தத் துறையின் கணிப்பில் 38 சோதனைகள் மருந்துக்குச் சாதகம், 36 சாதகமில்லை அல்லது சந்தேகம். சாதகமான 38இல் 37 இதழ்களில் வெளியாகிவிட்டன. மீதி 36இல் 22 வெளியாகவே இல்லை. 11 வெளியாயின, ஆனால் சாதகமாகத் தெரியும்படி எழுதப்பட்டு. நேர்மையாகத் தோல்வி என்று வெளியானவை 3. கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன், வரவை மட்டும் பேரேட்டில் ஏற்றிச் செலவுச் சீட்டைக் கிழித்துப்போட்டால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரு பெயர் உண்டு. பல வருடம் டாக்டர்களும் நோயாளிகளும் இப்படி ஒரு பேரேட்டைப் பார்த்துத்தான் முடிவு எடுத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாவது, இர்விங் கிர்ஷ் குழு. வெளியாகாத சோதனைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மன அழுத்தத்தின் கடுமையை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் சராசரி வித்தியாசம் 1.8 புள்ளிதான். அந்த அளவுகோலின் உச்சம் 52. யூடியூப்காரர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்.

2018இல் சிப்ரியானி குழு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டதை அவர் சொல்வதில்லை. 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். வெளியாகாதவற்றையும் தேடிச் சேர்த்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விட மேல் என்றுதான் வந்தது. ஆனால் வித்தியாசம் மிதமானது. தோராயமாகச் சொன்னால், மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு நோய்க்குறிகள் பாதிக்குப் பாதி குறைகின்றன. வெற்று மாத்திரையிலேயே 100க்கு 35இலிருந்து 40 பேருக்கு அப்படிக் குறைகிறது. நடுவில் இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து பேர்தான் மருந்தினால் மட்டும் தேறியவர்கள்.

பத்துப் பேர் என்பது சின்ன எண்ணாகத் தெரியும். நமக்குத் தெரிந்த பத்துப் பேரின் முகத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

நோய் கடுமையாக இருப்பவர்களிடம் இந்த வித்தியாசம் பெரிதாகிறது என்று 2010இல் இன்னொரு பகுப்பாய்வு சொன்னது. லேசான சோர்வுக்கு வித்தியாசம் ஏறத்தாழத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதல், தீவிரம் குறைந்தவர்களுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை வேண்டாம், நோயாளியே விரும்பினால் ஒழிய, என்கிறது. “எல்லோருக்கும் வேண்டும்” என்பதும் தவறு, “யாருக்கும் வேண்டாம்” என்பதும் தவறு.

7 நவம்பர் 2024

மூளையில் சீரோட்டோனின் என்ற ரசாயனம் குறைவதால்தான் இந்த நோய் வருகிறது, மாத்திரை அதை ஈடு கட்டுகிறது என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், வண்டியில் ஆயில் குறைந்தால் ஊற்றுவது போல என்று. கேட்கச் சுலபமாக இருந்தது. 2022இல் ஜோயன்னா மான்கிரீஃப் குழு இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. அதனால் மருந்து வேலை செய்யாது என்று ஆகிவிடாது. காரணம் வேறு, கைமருந்து வேறு. சுக்குக் கஷாயம் குடித்தால் சளி இளகுகிறது, உடம்பில் சுக்கு குறைந்ததால் சளி பிடித்தது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த மருந்துகள் வந்த கதையே தற்செயல்தான். 1952இல் நியூயார்க்கில் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தார்கள். நோயாளிகள் வார்டில் உற்சாகமாக நடமாட ஆரம்பித்தார்கள். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் இமிபிரமினை மனச்சிதைவுக்குக் கொடுத்துப் பார்த்தார், அது அங்கே உதவவில்லை. சோர்வில் கிடந்தவர்களுக்கு உதவியது. 1957இல் அதை எழுதினார். முதலில் பலன் தெரிந்தது, விளக்கம் பின்னால் தேடப்பட்டது. விளக்கம் இன்னும் முடியவில்லை.

10 நவம்பர் 2024

பக்கவிளைவு பற்றிக் கேட்கும் பெண்கள் எல்லோரும் எடை, தூக்கம் என்று கேட்டுவிட்டு ஒன்றைக் கேட்காமல் போகிறார்கள். நானே சொல்கிறேன்.

இந்த வகை மாத்திரையில் தாம்பத்தியம் பாதிக்கப்படும். அபூர்வமாக இல்லை, நிறையப் பேருக்கு. எனக்கு 20 மி.கி.யில் ஆசை குறைந்தது. ஆசை இருந்த நாளிலும் உடம்பு உச்சத்தை எட்டவில்லை. இரண்டு வருடம் என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். என் கணவர் அவரிடம் குறை என்று நினைத்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் மருந்துப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை அவர்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு என் முன்னால் நீட்டினார், ஒன்றும் பேசாமல், விரலை அந்த வரியில் வைத்து. அன்று ராத்திரி வெகு நேரம் பேசினோம். அந்த இரண்டு வருடத்தை எங்களுக்கு யார் திருப்பித் தருவார்கள்? முதல் நாளே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

ஆண்களுக்கு விந்து வெளியேறுவது தாமதமாகும். அதனாலேயே விரைவில் வெளியேறும் தொல்லைக்கு இதே வகை மருந்தைக் கொடுப்பதும் உண்டு. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. பியூப்ரோபியான், மிர்டாசபின் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் நீடிக்கலாம் என்பதை மருந்துக் காகிதத்தில் எழுதச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் சொன்னது. டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் காது கேட்டுப் பழகிய விஷயம்தான் இது.

அடுத்தது எழுதக் கஷ்டமானது. 2021இல் என் பெரியம்மா இறந்தார். அம்மாவை விட என்னை அதிகம் தூக்கி வளர்த்தவர். பந்தலில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நான் நடுவில் உட்கார்ந்து யார் யாருக்குக் காபி போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். துக்கம் எங்கேயோ இருக்கிறது, அடுத்த அறையில் ரேடியோ ஓடுவது போல. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உணர்ச்சி மழுங்குவது என்று டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். 20லிருந்து 10க்கு இறக்கினோம். நான்கு மாதம் கழித்து, பெரியம்மாவின் பழைய மரப் பெட்டியில் அவர் முடிந்து வைத்திருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா கையில் கிடைத்தது. அப்போது அழுதேன், வாயைப் பொத்திக்கொண்டு.

மிர்டாசபின் எனக்கும் 2020இல் சேர்த்துக் கொடுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பசி. எழுந்து பழைய சோற்றுப் பானையைத் திறப்பேன். எட்டு மாதத்தில் 58 கிலோ 67 ஆனது. மாமியார், “யாருடி பானையைக் காலி பண்றது, பூனையா?” என்பார். பூனை இல்லை என்று அவருக்கும் தெரியும், பானையில் ஒரு பிடி கூடப் போட்டு வைக்க ஆரம்பித்திருந்தார். அந்த மருந்தை அப்புறம் நிறுத்திவிட்டோம்.

11 நவம்பர் 2024

முக்கியமான திருத்தம். 3ஆம் தேதி எழுதியதைப் படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

கோவையிலிருந்து ஒரு அக்கா கேட்டார், “எஸ்சிடலோபிராமில் முதல் வாரமே தூக்கம் வந்ததா? எனக்கு முதல் வாரம் தூக்கமே போய்விட்டதே” என்று. சந்தேகம் வந்து பீரோவில் இருந்த 2015ஆம் வருடச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மருந்துப் பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ என்று இருக்கிறது. அது ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து, எஸ்சிடலோபிராம் 10, குளோனசிபாம் 0.5. முதல் வாரம் என்னைத் தூங்க வைத்தது குளோனசிபாம். ஒன்பது வருடமாக அந்தப் பெருமையைத் தப்பான மருந்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் இந்தக் கூட்டு மாத்திரை சர்வசாதாரணம். “டிப்ரஷன் மாத்திரை எல்லாம் தூக்க மாத்திரை, பழகினால் விடாது” என்று ஊரில் சொல்வதற்கும் இதுதான் பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டும் வேறு. குளோனசிபாம் சில வாரத்திலேயே உடம்புக்குப் பழகிப்போகும், அளவைக் கூட்டச் சொல்லும், திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எஸ்சிடலோபிராமுக்கு அப்படி ஏங்குவது இல்லை, கூட்டிக்கொண்டே போகத் தோன்றாது. திடீரென்று நிறுத்தினால் தொல்லை கொடுக்கும் என்பது உண்மை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கிர்ஷ் சொன்ன 1.8 புள்ளி நினைவிருக்கிறதா? ஹாமில்டன் அளவுகோலில் தூக்கத்துக்கு மட்டும் 6 புள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். ராத்திரி தூங்க வைத்தாலே மதிப்பெண் இறங்கிவிடும். குழாயை மூட முடியாத கைக்கு அங்கே எத்தனை புள்ளி என்று தேடினேன். வேலையிலும் செயலிலும் ஆர்வம் என்று ஒரு கேள்வி, அதிகபட்சம் 4. எனக்கு அந்த நாலுதான் எல்லாமுமாக இருந்தது.

தம்பி, உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பெயரா, இரண்டு பெயரா?

11 நவம்பர் 2024, இரவு

இரண்டு பெயர் இருக்கிறது என்கிறார். பதற வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இந்தத் தூக்க மருந்து எத்தனை வாரத்துக்கு, எப்போது எப்படிக் குறைப்போம் என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். பதிலைச் சீட்டின் பின்பக்கம் அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிடும் நாட்களில் ராத்திரி வண்டி ஓட்டாதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அமுக்கும்.

24 நவம்பர் 2024

வயதானவர்களுக்குத் தொடங்கும் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த ஆடியில் அப்பா தவறினார். அம்மாவுக்கு 72. சாப்பாடு நின்றது, பேச்சு நின்றது. ஒரு தனியார் மருத்துவமனையில் எஸ்சிடலோபிராம் கொடுத்தார்கள். அம்மா ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருந்தது. அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி. சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அம்மா நல்ல சேலை கட்டி, கையில் மஞ்சப்பையோடு கதவைத் திறந்துகொண்டிருக்கிறார். “மன்னார்குடி பஸ் போயிடுச்சா?” என்கிறார். மன்னார்குடியில் இருந்த அவருடைய அண்ணன் இறந்து இருபது வருடமாகிறது. நடை தள்ளாடியது. எல்லோரும் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். நானும் ஒரு நாள் அப்படியே நம்பினேன். அந்த ஒரு நாளை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் வேறு ஒரு டாக்டர் பார்த்த உடனே சோடியம் பார்க்கச் சொன்னார். 119. இருக்க வேண்டியது 135இலிருந்து 145.

இந்த வகை மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கி ரத்தத்தில் உப்பைக் குறைக்கும். 65 வயதுக்கு மேல், அதுவும் நீர் மாத்திரையோடு சேரும்போது ஆபத்து கூடுதல். பெரும்பாலும் முதல் சில வாரத்துக்குள் வரும். இரண்டையும் நிறுத்தி, மெதுவாக உப்பை ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளை பாதிக்குமாம். நான்காம் நாள் அம்மா என்னைப் பார்த்து, “ஏன் இப்படி இளைச்சிருக்கே?” என்று கேட்டார். இப்போது நீர் மருந்து இல்லாத பிரஷர் மாத்திரையும், சோடியத்தை அவ்வளவாக இறக்காத மிர்டாசபினும் சாப்பிடுகிறார். என்னை எட்டு மாதம் பானையைத் திறக்க வைத்த அதே மருந்து. அம்மாவுக்கு அந்தப் பசிதான் வேண்டியிருந்தது.

தொடங்கும் முன் ஒரு முறை சோடியம், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. கேட்டு வாங்குங்கள். மூட்டுவலிக்காகக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் சொல்லிவிடுங்கள், இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். டிரமடால் என்ற வலி மருந்து இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

8 டிசம்பர் 2024

நிறுத்துவது பற்றி.

2018இல் நன்றாக இருந்தேன். இனி எதற்கு என்று 10 மி.கி.யை ஒரே நாளில் விட்டேன். மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடித்தது. கண்ணை இடமிருந்து வலம் திருப்பினால் ஒரு வெட்டு. எடைமேடைச் சீட்டில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் ஒரு வெட்டு. தலைசுற்றல், கெட்ட கனவு, தொட்டதற்கெல்லாம் அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அது நோய் இல்லை, மருந்தை விட்ட தொல்லை. விட்ட சில நாளில் தொடங்கியது, கூடவே கரண்ட் அடித்தது. இந்த நோயில் கரண்ட் அடிக்காது. உண்மையான நோய் ஏழாவது வாரம் வந்தது, சத்தமில்லாமல். ஒரு காலையில் குழாயடியில் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் எத்தனை பேர் தேவையில்லாமல் ஆயுளுக்கும் சாப்பிடுகிறார்களோ, எத்தனை பேர் தேவையிருந்தும் விட்டுவிடுகிறார்களோ.

2024இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த தொகுப்பில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொல்லை இருந்தது. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. மருந்தால் மட்டும் வந்தது என்றால் ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையான தொல்லை மூன்று சதவீதத்துக்குள். வென்லாஃபாக்சின், பராக்சிடின் போன்று உடம்பை விட்டு வேகமாக வெளியேறுபவை அதிகம் படுத்தும். ஃப்ளூஆக்சிடின் வாரக்கணக்கில் தங்குவதால் குறைவு.

2019இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதியது எனக்கு மிகவும் உதவியது. 20லிருந்து 10க்கு இறங்குவது சுலபம், கடைசி 5லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் கடினம். மூளையில் மருந்தின் பிடி அளவுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, கடைசிப் படியில் செங்குத்தாக விழுகிறது. அதனால் கீழே போகப் போகப் படிகளைச் சின்னதாக்க வேண்டும். போன வருடம் முழுக்க அப்படித்தான் இறங்கினேன். எவர்சில்வர் தட்டில் மாத்திரையை வைத்து, புது பிளேடால் கோட்டின் மேல் அழுத்துவேன். ஒரு பாதி தட்டின் விளிம்புக்கு ஓடும். நடுவில் வெள்ளையாகத் துளி மாவு நிற்கும். அந்த மாவு எந்தப் பாதிக்குச் சேரும் என்று எனக்குள் ஒரு கணக்கு. கோடு போட்ட சாதாரண மாத்திரையை மட்டும் வெட்டுங்கள். மெதுவாகக் கரையும் வகையையும் கேப்சூலையும் வெட்டக் கூடாது.

5க்குக் கீழே இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் கரண்ட் வரவில்லை, குழாயடிதான் வந்தது. அதனால் டாக்டரும் நானும் சேர்ந்து 5லேயே இருப்பது என்று முடிவு செய்தோம்.

எல்லோருக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2021இல் இங்கிலாந்தில் ஆன்ட்லர் என்று ஒரு சோதனை, நீண்ட காலம் சாப்பிட்டுத் தேறி நன்றாக இருந்த 478 பேர். தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம். நிறுத்திய 100 பேரில் 44 பேர் அந்த வருடம் நன்றாகவே இருந்தார்கள். நீங்கள் அந்த 44இல் ஒருவராக இருக்கலாம். முயன்று பார்ப்பதில் தவறில்லை. தனியாக, ஒரே நாளில் செய்யாதீர்கள்.

15 டிசம்பர் 2024

தம்பி ஆறாம் வாரத்தில் எழுதியிருக்கிறார். குமட்டல் போய்விட்டது, வேலைக்குப் போகிறார், ஆனால் “பாதிதான் தேறியிருக்கிறேன்” என்கிறார். முதல் மாத்திரையிலேயே முழுதும் தேறாதவர்கள்தான் பெரும்பான்மை. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்று ஓர் ஆய்வு சுமார் 4,000 பேரிடம் நடந்தது, 2006இல் முடிவு வந்தது. முதல் மருந்தில் முழுதும் தேறியவர்கள் மூன்றில் ஒருவர்தான். அடுத்தடுத்து நான்கு படிகளில் மொத்தம் 67 சதவீதம் என்று அப்போது சொன்னார்கள். அந்தக் கணக்கு போட்ட விதம் தவறு, உண்மையில் 35 சதவீதம்தான் என்று 2023இல் ஒரு மறுபகுப்பாய்வு வந்தது. எந்த எண் சரியென்றாலும், பாதியில் நிற்பது உங்கள் பலவீனம் இல்லை. ஆறாம் வாரம் என்பது டாக்டரிடம் போய் அளவை ஏற்றுவதா, மாற்றுவதா, பேச்சு சிகிச்சை சேர்ப்பதா என்று கேட்க வேண்டிய வாரம்.

பேச்சு சிகிச்சை என்றால் பெரிய ஊர், பெரிய பணம் என்று நினைக்க வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு முறை பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் அப்படிப் பேசியவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம். 2017இல் வெளியானது. அவர்கள் செய்தது மிகச் சின்ன வேலை, நோயாளி விட்டுவிட்ட அன்றாடக் காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைப்பது. குழாயை மூடுவது போல. நம் மாவட்டங்களில் இது ஏன் இன்னும் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இல்லை?

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு வந்த உறவினர் ஒருவர், “கோயிலுக்குப் போனால் போதும், மாத்திரை எதற்கு?” என்றார். இங்கேயும் இரண்டு பேர் அதையே கேட்டிருக்கிறார்கள்.

2015 புரட்டாசியில் அம்மா என்னைக் குணசீலம் அழைத்துப்போனார். மனம் சரியில்லாதவர்கள் ஒரு மண்டலம் தங்கும் கோயில். உச்சிக்காலத்தில் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். அடித்ததும் சில்லென்று ஒரு நொடி விழித்தது போல இருந்தது. அந்த ஒரு நொடியை நான் மதிக்கிறேன். அங்கே என்னை யாரும் பைத்தியம் என்று பார்க்கவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் பழையபடிதான். அம்மா மறுவாரமே என்னை டாக்டரிடம் அழைத்துப்போனார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு சண்டையும் இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. பூட்டி வைப்பதும் பிரார்த்தனை செய்வதும் ஒன்றில்லை.

பணம் ஒரு காரணம் என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம். மக்கள் மருந்தகத்தில் விலை குறைவு. அமிட்ரிப்டிலினும் ஃப்ளூஆக்சிடினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, பழசு என்று ஒதுக்க வேண்டாம். 2015-16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வில், தீவிர மன அழுத்தம் இருந்தவர்களில் 100க்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் கிடைத்திருக்கவில்லை. யூடியூப்காரர் மாத்திரை அதிகம் என்று பேசுகிறார். நம் ஊர்க் கணக்கு இதுதான்.

2 மார்ச் 2025

தம்பி 15 மி.கி.க்கு ஏற்றி எட்டு வாரமாகிறதாம், தூக்க மருந்தை டாக்டர் மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டாராம். நேற்று வீட்டில் எல்லோருக்கும் இவரே தோசை வார்த்தாராம், நான்காவது தோசை கருகியதற்குத் தங்கையைத் திட்டினாராம்.

திட்டியது நல்ல சேதி தம்பி. தங்கையிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

இங்கே அம்மாவுக்கு நேற்று ரத்தம் எடுத்தோம். சோடியம் 137.